புயல் வருமென்று கதவு தட்டிய காலம்

உலகத்தில் எத்தனையோ உத்தியோகங்கள் இருக்கின்றன. வராத புயலைப் பற்றிச் சொல்லிவிட்டு, வந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்புகிற உத்தியோகம் எனக்கென்று வாய்த்தது.

லண்டனில் எப்போதாவது ஒரு தமிழ் வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு நிமிசம் கதைக்கலாமோ?" என்று கேட்டவர்களே, காப்புறுதி விற்றவர்களே, சங்கத்துக்கு ஆள் சேர்த்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே டிவி சத்தம் குறைவது கேட்கும். திரைச்சீலை ஒரு விரற்கடை விலகுவது தெரியும். கதவு மட்டும் திறக்காது. அந்த வேதனை பட்டவர்களுக்குத்தான் விளங்கும்.

எண்பத்தேழில் தெற்கு லண்டனைப் புரட்டிப்போட்ட புயலுக்கு அடுத்த வருடம், நான் தட்டெழுத்து வேலை பார்த்த உள்ளூராட்சிக் கவுன்சிலில் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். காற்று வருமுன் என்ன செய்வது, வந்தால் எங்கே நிற்பது, எதைத் தொடக்கூடாது என்று பத்து வரி. அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரையன். முன்பு தீயணைப்புப் படையில் இருந்தவர், பெரிய மீசை, எந்த வீட்டைப் பார்த்தாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். என்னைக் கூப்பிட்டு, "தோர்ண்டன் ஹீத்தில் உங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இதைத் தமிழில் எழுது. வீடு வீடாகப் போய்ச் சொல்" என்றார். கழுத்தில் தொங்க ஒரு அட்டையும், மஞ்சள் மழைக்கோட்டும், ஒரு விசிலும் தந்தார். எனக்கு இருபத்தேழு வயது. கால் நிலத்தில் படவில்லை. ஒரு மாதத்துக்குள் சனம் எனக்குப் "புயல் ராஜி" என்று பெயரும் வைத்துவிட்டது.

அவிழ்க்காத பை

முதல் வீடு சரோஜா அக்காவுடையது. அதிசயமாக ஒரே தட்டில் கதவு திறந்தது. நான் இரவு முழுக்கப் பாடமாக்கிய பேச்சை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனேன். மூன்றாவது வரிக்கு வந்தபோது எனக்கே என் குரல் பிடித்துப்போனது. "அக்கா, வாசலுக்குக் கிட்ட ஒரு பை ஆயத்தமாய் இருக்கவேணும். பாஸ்போர்ட், மருந்து, ஒரு சோடி உடுப்பு, முக்கியமான கடுதாசியள். சொன்ன உடனே தூக்கிக்கொண்டு போற மாதிரி."

சரோஜா அக்கா எழும்பிப் போனார். கோட்டுகள் கொழுவியிருந்த மூலையில் கையை விட்டு நீலநிறப் பயணப்பை ஒன்றை இழுத்து என் முன்னால் வைத்தார். பாஸ்போர்ட், பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதிப் பத்திரம், ஒரு சேலை, பிள்ளைக்கு ஒரு சட்டை, பனடோல். பிரையனின் பட்டியலில் இருந்ததெல்லாம் இருந்தது; இல்லாததும் இருந்தது. அந்தச் சட்டை இரண்டு வயதுப் பிள்ளைக்கு அளவானது. அவருடைய மகன் அப்போது பள்ளிக்கூட உடுப்போடு மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். எப்போது கட்டியது என்று கேட்டேன்.

"எண்பத்திமூண்டு கலவரத்துக்குக் கொழும்பிலை கட்டினது, தங்கச்சி. இன்னும் அவிழ்க்க மனம் வரேல்லை."

சாமி அறை

இனி என் நித்திரையைக் கெடுத்த வீட்டுக்கு வருகிறேன். பரஞ்சோதி அண்ணையின் வீடு நூறு வருடத்துக்கு மேல் பழைய செங்கல் வீடு. அண்ணை பகலில் பெற்றோல் நிலையத்தில் வேலை. மனைவி கமலம் அக்கா மூன்று வயதிலும் ஒரு வயதிலும் இரண்டு பிள்ளைகளோடு வீட்டில். என்னோடு வந்த பிரையன் தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். கூரைக்கு மேலே சிம்னி, அந்த ஆளுயரச் செங்கல் புகைபோக்கி, பெரும் புயலில் விழாமல் ஒரு பக்கம் சரிந்து நின்றது. "அடுத்த காற்றுக்கு அது வீதிப் பக்கம் விழாது, கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழும். அதற்கு நேர் கீழே இருக்கும் அறையில் யார் படுக்கிறார்கள் என்று கேட்டு வா" என்றார்.

கேட்டேன். யாரும் படுப்பதில்லை, சாமி இருக்கிறார். நீங்களும் லண்டனில் இருந்தால் இதற்குள் விளங்கியிருக்கும். இந்தப் பழைய வீடுகளில் மேல்மாடி அறைகளிலும் நெருப்பு மூட்டும் கணப்படுப்பு ஒன்று இருக்கும். இப்போது மூட்டுவதில்லை. ஆனால் அதற்கு மேலே பளிங்கில் அழகான தட்டு இருக்கும். அதைப் பார்த்த எந்தத் தமிழனுக்குத்தான் கை சும்மா இருக்கும்? பிள்ளையாரை நடுவில் வைத்து, முருகனையும் லட்சுமியையும் இரண்டு பக்கமும் வைத்து, பல்ப் மாலை சுற்றிவிடுவோம். நான் போன பத்து வீட்டில் ஆறில் சாமி சிம்னிக்குக் கீழேதான் குடியிருந்தார். இதில் வினை என்னவென்றால், காற்று உறுமத் தொடங்கினால் எங்கள் சனம் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நேரே ஓடிப்போய் நிற்கும் இடமும் அதுதான். வீட்டில் எந்த இடத்தில் நிற்கக் கூடாதோ, சரியாக அந்த இடம்!

சிம்னியை இறக்கச் சொல்லி மன்றாடினேன். அதுவரைக்குமாவது சாமியைக் கீழே வையுங்கள் என்றேன். கமலம் அக்கா கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி என் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு நின்றார். அண்ணை பிரசுரத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அந்தப் பெரிய காத்துக்கே விழாத சிம்னி, தங்கச்சி, உம்மடை கடுதாசிக்கோ விழப்போகுது?"

பன்னிரண்டு டோர்ச் லைட்

மெழுகுதிரி வேண்டாம், டோர்ச் லைட் வைத்திருங்கள் என்பது ஐந்தாவது வரி. அதற்காகவே கவுன்சில் பெட்டி பெட்டியாக டோர்ச் லைட் தந்திருந்தது. ஷிப்ட் வேலை செய்யும் பெடியன்கள் ஆறு பேர் சேர்ந்திருந்த ஒரு வீட்டில், ஆளுக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு டோர்ச் லைட்டையும் கைநிறையப் பற்றரியையும் கொடுத்தேன். அவர்கள் அவ்வளவு பணிவாக வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தேத்தண்ணியோடு முட்டைப் பொரியலும் கிடைத்தது. "இந்தத் தெருவிலேயே ஆயத்தமான வீடு" என்று அலுவலகத்தில் பெருமையடித்தேன்.

இரண்டு மாதம் கழித்துச் சரிபார்க்கப் போனால் ஒரு டோர்ச் லைட்கூட இல்லை. ஒருவன் கூரையைப் பார்த்தான், ஒருவன் குளிக்கப் போனான். ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில் அத்தனையும் யாழ்ப்பாணம் போய்விட்டது. நான் கோபத்தில் கத்தினேன். பரிசுப் பொருளா இது, அரசாங்கச் சாமான் அல்லவா, நாளைக்குக் கறண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர்களில் மூத்தவனான தேவன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இஞ்சை கறண்ட் போனால் செய்தி. அங்கை கறண்ட் வந்தால்தான் செய்தி."

அடுத்த நாள் இன்னும் ஆறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பிரையனிடம் சொல்லவில்லை.

ஹவுன்ஸ்லோ மண்டபம்

என் புகழ் தேம்ஸ் நதியைத் தாண்டி, ஹவுன்ஸ்லோவில் ஒரு ஞாயிறு பூசை முடிந்தபின் தேவாலய மண்டபத்தில் பேச அழைப்பு வந்தது. விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்கள், மன்னார் ஆட்கள், யாழ்ப்பாண ஆட்கள், நூறு பேர் வரை. நான் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து, "பலத்த காற்று, வீடு அதிருது, கண்ணாடி நடுங்குது. என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். ஒரே குரலில் பதில் வந்தது: வெளியே ஓடுவோம்!

"ஓடி?" என்றேன்.

"நிலத்தில குப்புறப் படுப்பம்" என்றார் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா. பக்கத்தில் இருந்தவர், வாயைத் திறந்து வைத்திருக்க வேணும், இல்லாவிட்டால் காது அடைத்துப் போகும் என்று திருத்தினார். நூறு பேரும் தலையாட்டினார்கள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் விளங்கியது. அவர்கள் சொன்னது ஊர்ச் சண்டையில் விழுந்த ஷெல்லடிக்கு. வருடக்கணக்காக உடம்பில் ஊறிய பாடத்தை, விசில் கழுத்தில் தொங்கும் ஒருத்தி அரைமணித்தியாலத்தில் அழித்துவிட ஏலுமா? ஆனாலும் விடவில்லை. காற்றுக்கு வெளியே ஓடக்கூடாது, மரமும் கூரை ஓடும் பறந்து வரும், உள்ளேயே நில்லுங்கள், ஜன்னலையும் சிம்னியையும் விட்டு விலகி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுமாரி அறைக்குள் போங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். கடைசியில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். மன்னாரைச் சேர்ந்த சூசை அண்ணை எழுந்து நின்றார். மிகவும் யோசித்துப் பேசுகிறவர்.

"எல்லாம் சரி, தங்கச்சி. பின்வளவிலை பங்கர் வெட்டுறதெண்டால் கவுன்சிலிட்டைப் பெர்மிசன் எடுக்க வேணுமோ?"

வெள்ளிக்கிழமை விசில்

கமலம் அக்காவின் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பது எனக்கு வியாதியாகிவிட்டது. சிம்னி இன்னும் கொஞ்சம் சரிந்தது போல ஒவ்வொரு முறையும் தோன்றும். நாலு தடவை போனேன். நாலு தடவையும் அண்ணை சிரித்தார். சாமி கிழக்குப் பார்க்க வேண்டும், கிழக்குப் பார்க்கிற சுவர் இந்த வீட்டில் அது ஒன்றுதான், இது அவருடைய வாதம். மேசன் வேலைக்கு ஆள் பிடிப்பதாகவும் சொன்னார். "சமருக்குப் பார்ப்பம்" என்று. எந்த வருடத்துக் கோடை என்று சொல்லவில்லை.

சரி, ஆணோடு கதைத்துப் பயனில்லை என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் போனேன். அன்றைக்கு அந்தச் சாமி அறையில் எட்டுப் பெண்கள் கூடித் தேவாரம் பாடுவார்கள். முடிந்ததும் ஒரு ஒத்திகை செய்வோம் என்றேன். நான் விசில் ஊதுவேன், அதுதான் புயல், எல்லோரும் உடனே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். ஊதினேன். எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு, சாமிக்கு இன்னும் கிட்ட நெருங்கி, முன்னையிலும் உரத்துப் பாடத் தொடங்கினார்கள்! மூச்சுள்ள மட்டும் ஊதினேன். அவர்கள் சுருதியைக் கூட்டினார்கள். கீழே அண்ணை விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, மேலை இருக்கிறது கல்லு. காத்து வந்தால் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு கீழை ஓடுங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். கமலம் அக்கா முதல் தடவையாக வாய் திறந்தார். சாமியை இப்படி விட்டுவிட்டு எப்படி இறங்குவது என்று கேட்டார். எதையும் எடுக்க நிற்காதே என்பது பிரசுரத்தின் எட்டாவது வரி. தமிழில் எழுதியவளே நான்தான். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபோது அந்த எட்டாவது வரியில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. "அப்ப சாமியையும் தூக்கிக்கொண்டு போங்கோ" என்றேன். நடுவில் இருந்த பிள்ளையார் படத்தைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார், பாரமில்லை. சின்னவனை இடுப்பில், பெரியவளை முன்னால், பிள்ளையாரைக் கக்கத்தில். மூன்று தரம் இறங்கிப் பழகினோம். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் போனால், காற்று நிற்கும்வரை என்ன சத்தம் கேட்டாலும் வெளியே வரக்கூடாது என்று மூன்று தரமும் சொன்னேன். அண்ணை சிரிப்பை நிறுத்திவிட்டு, சாமியை அங்கே கிடக்கும் சப்பாத்துகளுக்கு நடுவில் வைப்பதா என்று கேட்டார். கமலம் அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"கூட்டிக்கொண்டு போறதெண்டால் எனக்குச் சரி, ராஜி. விட்டிட்டுப் போறதெண்டால்தான் ஏலாது."

பிரையனின் தீர்ப்பு

மறுநாள் குற்றவாளி போலப் பிரையனின் மேசைக்கு முன்னால் நின்று, எட்டாவது வரியை மீறிவிட்டதைச் சொன்னேன். உத்தியோகம் போய்விடும் என்றே நினைத்தேன். அவர் மீசையைத் தடவினார்.

"நான் தீயணைப்பில் இருந்தபோது ஒருவர் எரியும் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குக் கடவுள் எவ்வளவோ மேல்."

அந்த வியாழக்கிழமை

தொண்ணூறாம் ஆண்டு தை மாதம், பொங்கல் முடிந்து கொஞ்ச நாள். காலையிலேயே காற்று ஒரு தினுசாக இருந்தது. பிரையன் வானொலியைக் காதோடு வைத்திருந்தார். மத்தியானம் எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு குப்பைவாளி மூடி தட்டுப் போலப் பறந்து போனது. உண்மையைச் சொல்கிறேன், திட்டாதீர்கள்: எனக்குள்ளே ஏதோ துள்ளிக் குதித்தது. வந்தேவிட்டது! ஒன்றரை வருடமாக என்னைப் பார்த்துச் சிரித்த புயல்! இலக்கங்கள் எழுதிய கொப்பியைத் திறந்து வரிசையாகப் போன் அடிக்கத் தொடங்கினேன். "ஜன்னலுக்குக் கிட்ட நிக்காதேங்கோ! பிள்ளையளை வெளியிலை விடாதேங்கோ!" சரோஜா அக்கா எடுத்தார், பெடியன்கள் எடுத்தார்கள். எல்லோரும் நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னார்கள். எனக்குச் சிறகு முளைத்துவிட்டது.

பிறகு கமலம் அக்காவுக்கு அடித்தேன். மணி போனது, போனது, ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஐந்தாவது தடவை அவசரத்தில் இலக்கத்தைப் பிழையாகச் சுழற்றினேன். அண்ணை வேலையில். அந்த நேரத்தில் இரண்டு குழந்தைகளோடு அவர் எங்கே போகப்போகிறார்? என் கண்ணுக்கு முன்னால் அந்த அறைதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உரத்துப் பாடிய முகங்கள் வந்தன. துள்ளிய மனம் எங்கே போனதென்று தெரியவில்லை. புயல் வராதா என்று ஆசைப்பட்ட பாவி நான்தானே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிரையன் என் முகத்தைப் பார்த்தார். இந்த நேரத்தில் வெளியே போவது எங்கள் பிரசுரத்தின் முதல் வரிக்கே விரோதம் என்றார். சொல்லிக்கொண்டே வான் வண்டியைக் கிளப்பத் திறப்பை எடுத்தார். வான் ஒரு பக்கமாக இழுபட்டு இழுபட்டுப் போனது. தெருமுனையில் மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. இறங்கி, மதில்களைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மழைக்கோட்டு என்னைத் தூக்கப் பார்த்தது. வீட்டுக்கு முன்னால் வந்து அண்ணாந்து பார்த்தேன். சிம்னி இல்லை. அது நின்ற இடத்தில் கூரை வாய் பிளந்து கிடந்தது, உள்ளே மரச்சட்டங்கள் தெரிந்தன. சாமி அறைக்கு நேரே மேலே.

நான் கத்தினேன். பிரையன் என் தோளைப் பிடித்தார். உதறிக்கொண்டு ஓடி, கதவில் கடிதம் போடும் துவாரத்தில் வாயை வைத்து, "அக்கா! கமலம் அக்கா!" என்று அலறினேன். பதில் இல்லை. பின்னால் ஓடு ஒன்று விழுந்து நொறுங்கியது. மறுபடியும் அலறினேன். அப்போது உள்ளே எங்கேயோ அடியில், ஒரு சின்னக் குரல் பிஸ்கட் கேட்டது. அதற்குப் பின்னால் கமலம் அக்காவின் குரல், அலுமாரிக் கதவுக்குப் பின்னால் அமுங்கிய குரல்:

"ஆர் ராஜியோ? காத்து நிண்டிட்டுதோ?"

"இன்னும் இல்லை, அக்கா! பிள்ளையள் சுகமோ? கதவைத் திறவுங்கோ!" எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூச்சுத் திணறியது.

"எல்லாரும் சுகம், பிள்ளையாரும் இஞ்சைதான். போன் அடிச்சதும் கேட்டது, மேலை இடிஞ்சதும் கேட்டது. காத்து நிக்குமட்டும் வரவேண்டாமெண்டு சொன்னது நீர்தானே? நீர் ஏன் வெளியிலை நிக்கிறீர்?"

அன்று பின்னேரம் அந்தத் தெருவைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த அறிக்கை "ஒருவருக்கும் ஒன்றும் இல்லை" என்ற ஒரே வரிதான், என்னைப் போலக் கதவு தட்டி அலைந்தவர்களே, அந்த ஒன்றும் இல்லாத வரிக்காகத்தான் இவ்வளவு கத்தினோம் என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?